உங்கள் அலமாரியில் வில்லியம் ஹார்ட்னெல் இருக்கலாம்: பழைய ஃபிலிம் சேகரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

16 மி.மீ. ஃபிலிம் சுருள்களை வீட்டில் பூட்டி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், நாளைக்கு அந்தப் பூட்டைத் திறக்கப்போகும் அவர்கள் பிள்ளைகளுக்கும்,

போன மாதம் உங்களில் ஒருவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பெயரை எழுத மாட்டேன். எண்பதைத் தாண்டியவர், காலஞ்சென்ற என் சித்தப்பாவின் சிநேகிதர், இங்கே சிங்கப்பூரில்தான் இருக்கிறார். பின்னறையில் சாம்பல் நிற இரும்பு அலமாரி ஒன்று. அதைத் திறந்ததும் காடி வாடை மூக்கில் ஏறியது. தகர டப்பாக்கள், பிளாஸ்டிக் டப்பாக்கள், சில சுருள்களுக்கு டப்பாவே இல்லை, செய்தித்தாளில் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தது. ரப்பர் உருகித் தாளோடு ஒட்டிக் கிடந்தது.

"இதெல்லாம் என்ன படம் ஐயா?"

"சிலது தெரியும்மா, சிலது தெரியாது. பழைய டிவி படமும் கிடக்கு."

"மேல எழுதியிருக்கறதை மட்டும் படிச்சு ஒரு நோட்டுல எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம்மா. நான் போனதுக்கப்புறம் யாரோ பாத்துக்கட்டும்."

கதவைச் சாத்திவிட்டார். காப்பி கொடுத்து அன்பாகத்தான் அனுப்பி வைத்தார். ஆனால் மின்தூக்கியில் இறங்கும்போதே எனக்கு மனசு ஆறவில்லை. அவர் சொன்ன 'யாரோ' யார் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா போனபோது அந்த 'யாரோ' நாங்கள்தான்.

சித்தப்பாவுக்குச் சினிமா பைத்தியம். எங்கிருந்தெல்லாமோ கைக்கு வந்த சுருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். தொலைக்காட்சி நிலையங்களும் விநியோகக்காரர்களும் கழித்துவிட்ட படங்கள் ஒருகாலத்தில் கை மாறிக்கொண்டே இருந்தன, அதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அவர் இறந்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்தோம். வாடகை வீடு, சாவியைத் திருப்பிக் கொடுக்கத் தேதி குறித்திருந்தது. கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போன, பழைய சாமான் வாங்கும் காராங் கூனிக்காரரைக் கூப்பிட்டு, பழைய நாளிதழ்களோடும் மின்விசிறியோடும் அந்த டப்பாக்களையும் ஏற்றிவிட்டோம். எத்தனை வெள்ளி கொடுத்தார் என்பதுகூட இன்றைக்கு நினைவில்லை. ஒரே ஒரு டப்பாவின் மூடி மட்டும் கண்ணை விட்டுப் போகவில்லை. பழுப்பேறிய தாளில் 'பிபிசி' என்ற மூன்று எழுத்து, அதன்கீழே தட்டச்சில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியை நான் படிக்கவில்லை. முப்பது ஆண்டு நூலகத்தில் பட்டியல் தயாரித்த கை இது. அன்றைக்கு அதைப் படிக்காமல் தூக்கி வண்டியில் வைத்தது.

அதனால்தான் இதை உரிமையோடு எழுதுகிறேன். உங்கள்மேல் மரியாதை உண்டு. நிலையங்கள் எறிந்ததை நீங்கள் எறியாமல் காத்தீர்கள். ஆனால் காத்ததை யார் கண்ணிலும் காட்டாமல் அழுகவிடுவதை ஏற்க முடியவில்லை.

அந்த அலமாரிகளில் யாரெல்லாம் இருக்கலாம் என்பதற்கு ஒருவரை மட்டும் சொல்கிறேன். அப்பா அவரை 'வெள்ளைமுடித் தாத்தா' என்பார். சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது 1963இல். வீட்டுக்கு வீடு பெட்டி கிடையாது, சமூக மன்றத்தில் நின்றுகொண்டு பார்த்த காலம். பிபிசி வெளிநாடுகளுக்கு விற்ற 'டாக்டர் ஹூ' தொடர் இங்கேயும் வந்தது. நீலப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக் காலம் விட்டுக் காலம் தாவும் சிடுசிடுப்பான ஒரு கிழவர். அப்பாவுக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும். ஆனால் அந்தக் கிழவர் கோட்டு மடிப்பைப் பிடித்துக்கொண்டு தலையைச் சாய்த்து 'ம்ம்?' என்பதை அப்படியே செய்து காட்டுவார். எழுபது வயதிலும் செய்து காட்டினார். அந்தக் கிழவர்தான் வில்லியம் ஹார்ட்னெல். முதல் பகுதி வந்தபோது அவருக்கு வயது 55தான், வெள்ளை முடி வெறும் டோப்பா என்று பிற்பாடு நான் சொன்னதும் அப்பா நம்பவே இல்லை.

1908 ஜனவரி 8ஆம் தேதி லண்டன் செயின்ட் பாங்கரஸ் பகுதியில் பிறந்தவர் ஹார்ட்னெல். தாய்க்குத் திருமணம் ஆகவில்லை. பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் இல்லை, கடைசிவரை அந்தப் பெயர் அவருக்குத் தெரியவும் இல்லை. வளர்ப்புத் தாயிடம் சில காலம், தெருவில் சில காலம். குத்துச்சண்டை மன்றத்தில் அவரைப் பார்த்த ஹ்யூ பிளேக்கர் என்ற ஓவியச் சேகரிப்பாளர்தான் கைதூக்கிவிட்டார், படிக்க வைத்தார், நடிப்புப் பள்ளியில் சேர்த்தார். சேகரிப்பாளர்களே, இதையும் கொஞ்சம் கவனியுங்கள்: அந்தப் பையனை உலகத்துக்குக் கொடுத்ததும் உங்களைப் போன்ற ஒரு சேகரிப்பாளர்தான்.

1925இல் ஃபிராங்க் பென்சனின் ஷேக்ஸ்பியர் நாடகக் குழுவில் எடுபிடி வேலை. பிறகு சின்னச் சின்ன வேடங்கள். போர்க்காலத்தில் டாங்கிப் படையில் சேர்ந்தார், மனம் நொறுங்கி அங்கிருந்து அனுப்பப்பட்டார். 1944இல் வந்த ஒரு போர்ப் படத்தில் கண்டிப்பான சார்ஜென்ட் வேடம் பேசப்பட்டது. அதுவே காலில் விலங்கானது. அதற்கப்புறம் இருபது ஆண்டு அவருக்குக் கிடைத்ததெல்லாம் சார்ஜென்ட், ரவுடி, போலீஸ்காரர், மறுபடியும் சார்ஜென்ட். 'பிரைட்டன் ராக்' படத்தில் அடியாள். ஐடிவியில் 1957இல் தொடங்கிய 'தி ஆர்மி கேம்' நகைச்சுவைத் தொடரில் கத்திக்கொண்டே இருக்கும் சார்ஜென்ட் மேஜர். அடுத்த ஆண்டு, 'கேரி ஆன்' படவரிசையின் முதல் படத்தில் தலைப்பிலேயே உள்ள அந்தச் சார்ஜென்ட்டும் அவர்தான். முறைக்கிற முகம் என்று முத்திரை குத்தியாகிவிட்டது.

1963இல் வந்த 'திஸ் ஸ்போர்ட்டிங் லைஃப்' படத்தில் ரக்பி ஆட்டக்காரர்களைத் தேடித்தரும் ஒரு வயதான மனிதராகக் கொஞ்ச நேரமே வருவார். தனிமையில் வாடும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வெரிட்டி லாம்பர்ட் அவரைத் தேடிப் போனார். பிபிசி நாடகப் பிரிவில் அப்போது இருந்த ஒரே பெண் தயாரிப்பாளர், வயது 27. கூடப் போன இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், வயது 24. குழந்தைகள் தொடரா, எனக்கெதற்கு என்று தயங்கியவரை மதியச் சாப்பாட்டில் உட்காரவைத்து இரண்டு பேரும் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். ஹார்ட்னெல்லுக்கு இன வெறுப்பு உண்டு, முன்கோபம் உண்டு என்று கூட வேலை செய்தவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். அதை மறைத்து அவரை மகானாக்க நான் வரவில்லை. ஆனால் அந்த மனிதரை முதன்முதலில் அந்த வேடத்தில் இயக்கியவர் இந்தியாவில் பிறந்த ஓர் இளைஞர். அந்த இளைஞரிடம் ஹார்ட்னெல் கேட்டுக்கொண்டு நடித்தார். அவர்கள் சேர்ந்து செய்த முதல் கதை பிழைத்திருக்கிறது, அடுத்ததையும் பார்க்கத்தான் ஆசை. பார்க்க வழியில்லை.

வழியில்லாமல் போனது எப்படி என்பதற்கு வருகிறேன்.

அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள், 1963 நவம்பர் 23 அன்று தொடர் தொடங்கியது. முதல் வரிசையில் மட்டும் 42 பகுதிகள். வாரத்தில் நான்கு நாள் ஒத்திகை, ஐந்தாம் நாள் இரவு ஏறக்குறைய ஒரே மூச்சில் பதிவு. ஒளிநாடாவை வெட்டி ஒட்டச் செலவு அதிகம், அதனால் நடிகர் வசனத்தில் தடுக்கினாலும் நிறுத்த மாட்டார்கள். ஹார்ட்னெல்லுக்கு ரத்தக்குழாய் இறுகும் நோய் வந்து நினைவாற்றலைத் தின்றுகொண்டிருந்தது. வசனம் தடுமாறும். தடுமாறியதையும் அந்தக் கிழவரின் குணமாக மாற்றி ஓட்டிவிடுவார். மூன்று ஆண்டில் 134 பகுதி. 1966 அக்டோபர் 29 அன்று அவருடைய கடைசிக் கதையின் நான்காம் பகுதி ஒளிபரப்பானது. அதற்கு முந்திய பகுதியில் அவர் இல்லை, உடம்பு முடியாமல் படுத்துவிட்டார். இந்த நான்காம் பகுதிக்கு எழுந்து வந்து, தரையில் விழுந்து, அடுத்த டாக்டராக வந்த பேட்ரிக் ட்ரௌட்டன் என்ற நடிகரின் முகமாக மாறி, விடைபெற்றார். இன்றுவரை அந்தத் தொடர் நடிகரை மாற்றி மாற்றி உயிரோடு இருக்கிறதென்றால் அதற்கு அச்சாரம் போட்டது அந்த இரவுதான்.

அந்தப் பகுதி இன்று உலகத்தில் யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. முகம் மாறும் சில நொடிகள் இருக்கின்றன, 1973இல் வேறொரு சிறுவர் நிகழ்ச்சியில் அதைத் துண்டாகக் காட்டியதால்.

பிபிசி தானேதான் அழித்தது. ஒளிநாடா விலை அதிகம், அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதியலாம். நடிகர் சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படி மறு ஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு. வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள் என்ற கணக்கு. வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த 16 மி.மீ. பிரதிகள் இன்னொரு பிரிவிடம் இருந்தன. நாடாவை அழித்தவர்கள் ஃபிலிம் அங்கே இருக்கும் என்று நினைத்தார்கள், ஃபிலிமை எரித்தவர்கள் மூலம் இங்கே இருக்கும் என்று நினைத்தார்கள். 1970களின் பிற்பகுதியில்தான் நின்றது. தேடித் தேடிச் சேர்த்து, 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒன்பது பகுதிகள் கிடைத்த பிறகு எண்ணியபோதும், 1960களில் ஒளிபரப்பான 253 பகுதிகளில் 97 இல்லை. அந்த 97இல் 44 ஹார்ட்னெல்லுடையவை. நடித்ததில் மூன்றில் ஒரு பங்கு.

இந்த எண்ணைவிட எனக்கு வலிப்பது வேறொன்று. இருக்கிற பகுதிகளைப் பார்த்தவர்கள் ஹார்ட்னெல் என்றாலே வசனம் மறக்கிற கிழவர் என்கிறார்கள். வசனம் தடுக்கிய இடங்களை மட்டும் பொறுக்கி ஒட்டிச் சிரிக்கிறார்கள். 1966 பிப்ரவரியில் நான்கு வாரம் ஒரு கதை வந்தது. 1572இல் பாரிஸில் புராட்டஸ்டன்ட் மக்களைக் கொன்று குவித்த நாட்களைப் பற்றியது. அதில் அவருக்கு இரட்டை வேடம். ஒன்று வழக்கமான டாக்டர், இன்னொன்று இரக்கமில்லாத ஒரு மடாதிபதி. மடாதிபதியாக வரும்போது தடுக்கல் இல்லை, இழுவை இல்லை, 'ம்ம்?' இல்லை. ஒலியைக் கேட்டால் வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கிறது. தடுமாற்றத்தில் எவ்வளவு நோய், எவ்வளவு நடிப்பு என்பதற்கு அந்த நான்கு பகுதிதான் சாட்சி. நான்கும் இல்லை. மற்றச் சில கதைகளுக்காவது, தொலைக்காட்சித் திரையைப் புகைப்படம் எடுத்து விற்ற ஜான் கியூரா என்பவரின் படங்கள் இருக்கின்றன. இந்தக் கதைக்கு அதுவும் கிடையாது. சாட்சியை எரித்துவிட்டு ஒரு மனிதர்மேல் தீர்ப்பு எழுதியிருக்கிறோம்.

ஒலி மட்டும் எப்படிப் பிழைத்தது என்று கேட்பீர்கள். பிள்ளைகள் காப்பாற்றினார்கள். வீட்டில் டேப் ரெக்கார்டர் வைத்திருந்த சில விடலைப் பையன்கள் ஒலிவாங்கியைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு சேர்த்துப் பதிந்துவைத்தார்கள். காணாமல்போன அத்தனை பகுதிக்கும் இன்று ஒலி இருக்கிறதென்றால் அவர்களால்தான். வாரிஸ் ஹுசைன் இயக்கிய மார்கோ போலோ கதையை நான் அப்படித்தான் கேட்டேன். 1964இல் ஏழு வாரம் வந்தது, ஏழும் போய்விட்டது. குப்லாய் கானும் டாக்டரும் இரண்டு கிழவர்களாக உட்கார்ந்து, எனக்கு இங்கே வலி, உனக்கு எங்கே வலி என்று ஒருவருக்கொருவர் புலம்பிக்கொள்வார்கள். பிறகு பகடை ஆடுவார்கள், டாக்டர் தன் போலீஸ் பெட்டியை மீட்கப் பந்தயம் கட்டித் தோற்பார். இருட்டில் படுத்துக்கொண்டு காதில் கேட்டேன். அந்த முகம் என்ன செய்தது என்று தெரியாமல் குரலை மட்டும் கேட்பது, பக்கத்து வீட்டுச் சுவருக்கு அப்பால் அப்பா பேசுவதைக் கேட்பதுபோல் இருந்தது. அந்தக் கதையில் தான் இயக்கிய ஆறு பகுதிகளின் திரைப் புகைப்படங்களை ஹுசைன் தன்னிடம் பத்திரமாக வைத்திருந்தார். கேட்டபோது கொடுத்தார். கொடுத்ததால்தான் அந்த ஆறு பகுதியும் எப்படி இருந்தன என்று இன்று கொஞ்சமாவது தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியத் தணிக்கைக்காரர்கள் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று இந்தத் தொடரிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகளைக் கோப்பில் போட்டு வைத்திருந்தார்கள். 1996இல் அவை கிடைத்தன. வெட்டி எடுத்தது இருக்கிறது, வெட்டுப்பட்ட படம் போய்விட்டது. யாரோ ஒரு குமாஸ்தா கடமை தவறாமல் கோப்பைக் கட்டிவைத்ததுதான் காரணம்.

இனி உங்கள் பக்கம் வருகிறேன். 'என்னிடம் என்ன பெரிதாக இருக்கப்போகிறது' என்பவர்களுக்கு: 1999இல் நியூசிலாந்தில் ஒருவர் வைத்திருந்த சுருளில் ஹார்ட்னெல்லின் சிலுவைப் போர்க் கதையின் முதல் பகுதி இருந்தது. எத்தனையோ வீசப்பட்ட ஃபிலிம்களுக்கு நடுவே பிழைத்து, ஃபிலிம் சந்தையில் அவர் கைக்கு வந்தது. அதன் அருமை அவருக்கே தெரியாது. 2011இல் இங்கிலாந்தில், தொலைக்காட்சியில் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் இரண்டு பகுதிகள் இருந்தன. ஒன்றில் ஹார்ட்னெல், இன்னொன்றில் ட்ரௌட்டன். 1980களின் தொடக்கத்தில் ஒரு பள்ளி விழாக் கடையில் வாங்கியது, இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் அது தொலைந்துபோன பகுதி என்று தெரியாமலே வைத்திருந்தார். 1983இல் லண்டனில் ஒரு தேவாலயக் கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு. இவர்களில் யாரும் திருடரில்லை, யாரும் பதுக்கவில்லை. டப்பாவின்மேல் இருப்பதைப் படித்துச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூருக்கும் ஹாங்காங்குக்கும் ஆப்பிரிக்க நிலையங்களுக்கும் போன பிரதிகளை ஒளிபரப்பு முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், அல்லது அழித்துவிட்டு அழித்தோம் என்று எழுதித்தர வேண்டும். எழுதித்தந்த எல்லோரும் உண்மையிலேயே அழித்தார்கள் என்று நீங்கள் நம்புகிறீர்களா? டிஸ்பாட்ச் அறையில் வேலை பார்த்தவர்கள் உங்களுக்குள் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரியும்.

'கொடுத்தால் பறிமுதல் செய்வார்கள்' என்பவர்களின் பயம் நியாயமானது. பிரிட்டனில் புகழ்பெற்ற தொலைக்காட்சி நகைச்சுவையாளர் பாப் மங்க்ஹவுஸ் பெரிய ஃபிலிம் சேகரிப்பாளர். 1970களின் இறுதியில் போலீஸ் அவர் வீட்டில் புகுந்து ஃபிலிம்களை அள்ளிக்கொண்டு போனது. 1979இல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது, ஆனால் போன படங்கள் எல்லாம் திரும்பி வரவில்லை. அந்த ஒரு வழக்கு எத்தனை அலமாரிகளைப் பூட்ட வைத்ததோ. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். நியூசிலாந்துச் சுருளை லண்டனுக்குக் கொண்டுபோய் நகலெடுத்தார்கள், பிறகு உரியவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இந்த மடல் பிபிசிக்கு எழுதியது இல்லை. இருந்தாலும் அங்கே யாராவது படித்தால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன்: சுருளைக் கொண்டு வருபவர்மேல் வழக்கு இல்லை, சுருள் அவருக்கே சொந்தம் என்பதை எழுத்தில், எல்லோருக்கும் தெரியும்படி, பல மொழிகளில் சொல்லுங்கள். அழித்தது நீங்கள். முதல் அடி உங்களுடையதாக இருக்கட்டும்.

தெரிந்தே வைத்துக்கொண்டு தராதவர்களும் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். உலகத்தில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது என்ற சந்தோஷம். அதற்கு விலை வைப்பவர்களும் உண்டு. ஜோஸ் நகரில் ட்ரௌட்டன் கதை ஒன்றின் ஆறு பகுதிகளையும் கண்டதாகவும், பெட்டி வந்து சேர்ந்தபோது மூன்றாம் பகுதியை மட்டும் காணவில்லை என்றும் கண்டெடுத்தவரே பொதுவில் சொல்லியிருக்கிறார். எடுத்தவர் இதைப் படிப்பாரோ என்னவோ. படித்தால்: ஐயா, நீங்கள் வைத்திருப்பது ஒரு நடிகரின் உழைப்பில் இருபத்தைந்து நிமிடம். உங்களுக்கு அதன்மேல் எந்தப் பாத்தியதையும் இல்லை.

நேரம் இருக்கிறது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அந்தப் பெரியவர் வீட்டில் ஒரு சுருளைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தார். ஓரம் அப்பளம்போல் நெளிந்திருந்தது. நுனியைப் பிரித்தபோது ஃபிலிமின் மேல்பூச்சு என் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பிசுபிசுத்தது. அது ஒரு படத்தின் உடம்பு, என் விரலில். அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது காடி அமிலத்தைக் கக்கும். அந்த அமிலமே சிதைவை இன்னும் விரட்டும், மூடிய டப்பாவுக்குள் வேகம் கூடும், பக்கத்தில் இருக்கும் நல்ல சுருளுக்கும் தொற்றும். லண்டன் பரணில் அறுபது ஆண்டு தாங்குவது நம் ஊர்ப் புழுக்கத்தில் தாங்காது. நீங்கள் போன பிறகு பார்த்துக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

ஹார்ட்னெல்லுக்கே கடைசியில் நேரம் மிஞ்சவில்லை. 1972இல் தொடரின் பத்தாம் ஆண்டுக் கொண்டாட்டக் கதைக்கு அதுவரை டாக்டராக நடித்த மூவரையும் சேர்த்தார்கள். நடக்க முடியாது, வசனம் நிற்காது. ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே அட்டையில் எழுதிக் காட்டிப் படிக்க வைத்து, மற்ற இருவரோடு ஒரு திரை வழியாகப் பேசுவதுபோல் எடுத்தார்கள். அதுதான் அவருடைய கடைசி நடிப்பு. 1975 ஏப்ரல் 23 அன்று 67 வயதில் இறந்தார். அந்த வருஷமும் அதற்கடுத்த வருஷங்களும் அவர் நடித்த ஃபிலிம்கள் குப்பைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. அவர் வேடமில்லாமல் தானாகவே பேசும் ஒரு சின்னப் பேட்டி, 1967 ஜனவரியில் டான்ட்டன் நகரில் ஒரு நாடகக் கொட்டகையின் ஒப்பனை அறையில் எடுத்தது, 2013இல்தான் வெளியே வந்தது. மூன்று நிமிடம்கூட முழுசாக இருக்காது. டோப்பா இல்லை, கோட்டு மடிப்பைப் பிடிக்கவில்லை. அப்பாவுக்குக் காட்டியிருக்கலாம் என்று ஏங்கினேன், அவர் அதற்கு முன்பே போய்விட்டார்.

நான் கேட்பவை இவை.

இந்த மாதத்துக்குள் உங்கள் அலமாரியைத் திறந்து ஒவ்வொரு டப்பாவின்மேலும், சுருளின் தொடக்க நுனியிலும் எழுதியிருப்பதை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். புரியாத எண், நிலையத்தின் பெயர், ஒட்டுத்தாள் எதையும் விடாதீர்கள், கிழிக்காதீர்கள். கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் மூடியைப் படம் பிடித்தால் போதும்.

என்ன படம் என்று பார்க்க ப்ரொஜெக்டரில் மாட்டாதீர்கள். சுருங்கிய ஃபிலிமைப் பல்சக்கரம் கிழித்துவிடும். இரண்டு ஓரத்தையும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஓர் அடி பார்த்தால் போதும், அதற்குமேல் தெரிந்தவர்கள் பார்க்கட்டும். காடி வாடை வருபவற்றை மற்றவற்றிலிருந்து பிரித்து வேறு அறையில், ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வையுங்கள். வாடை வந்துவிட்டது, இனி உபயோகமில்லை என்று எறிந்துவிடாதீர்கள். அந்த நிலையிலும் நகலெடுக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

பட்டியலை ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் காட்டுங்கள். சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் ஆசியத் திரைப்படக் காப்பகமும் இருக்கின்றன. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் உண்டு, சேகரிப்பாளர்களின் சுருள்களை அவர்கள் காலத்துக்குப் பின் வகைப்படுத்துவதற்கென்றே லெஸ்டர் நகரில் 'ஃபிலிம் இஸ் ஃபேபுலஸ்' என்ற அறக்கட்டளையும் நடக்கிறது. சுருளைக் கொடுப்பதற்கு முன் நகலெடுத்துத் திருப்பித் தருவோம் என்று எழுதி வாங்குங்கள். பெயர் வெளியே வரக்கூடாது என்றால் அதையும் எழுதி வாங்குங்கள். அது உங்கள் உரிமை.

பிள்ளைகளே, அப்பாவோ தாத்தாவோ தவறினால் முதல் மாதம் அந்த அலமாரியைத் தொடாதீர்கள். காராங் கூனியைக் கூப்பிடாதீர்கள். வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் தேதி நெருங்கினால் டப்பாக்களை மட்டுமாவது ஓர் உறவினர் வீட்டுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, போன மாதம் எனக்குக் காப்பி கொடுத்த ஐயாவுக்கு. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். ஒரு நோட்டும் பென்சிலும் பஞ்சுக் கையுறையும் கொண்டுவருகிறேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருங்கள், எந்தச் சுருளும் உங்கள் அறையை விட்டு வெளியே போகாது. மூடியில் எழுதியிருப்பதை மட்டும் படிக்க விடுங்கள். அலமாரிச் சாவியை எடுத்து வையுங்கள் ஐயா.

இப்படிக்கு,
உங்கள் சிநேகிதரின் அண்ணன் மகள்
சிங்கப்பூர்